ஒஹாயோ பில்லும் பொம்மனஹள்ளி மெஸ்ஸும்

நான் பெங்களூருவுக்கு வந்தது ஆராய்ச்சிக்காக. பல்கலைக்கழகத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உண்மையில் வந்தது டார்லீனின் பெருங்குடலுக்காக.

டார்லீன் என் வீட்டுக்காரம்மா. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர். கீழே அவள், மாடி அறையில் நான். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூட கேன்டீனில் சமையல், அதனால் விடிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவாள். நான் அங்கே பொதுச் சுகாதாரக் கொள்கை படிக்கிறேன். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் என்றால் எனக்கு உயிர். அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல். அதை ஒழிப்பேன் என்று சொன்ன கட்சிக்குத்தான் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கிறாள். மூன்று மாதம் இரவுச் சாப்பாட்டு மேசையில் அவளோடு மல்லுக்கு நின்றேன். “குடல் பரிசோதனை இலவசம் டார்லீன். ஒரு காசு கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. போய்விட்டு வா.” என் வாயை அடைக்கத்தான் போனாள்.

போன இடத்தில் பெரிதாக ஒரு சதை வளர்ந்திருந்தது. கேமரா விட்டுப் பார்க்கும்போதே அதை அறுத்து எடுத்தார்கள். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் புற்றாகியிருக்கும், ஆறு மாதத்தில் மறுபடி வந்து காட்டு என்றார் மருத்துவர். நான் வீட்டில் ராணி மாதிரி நடந்தேன். இரண்டு வாரம் கழித்து பில் வந்தது. அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

“இதுதான் உன் இலவசமா?” என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டோம். அது பரிசோதனை இல்லை, சிகிச்சை என்று பதில் வந்தது. டார்லீன் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். “இது தீர்கிறவரை அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன்.” மருத்துவர் சொன்ன ஆறு மாதத்தில் நான்கு மாதம் அப்படியே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் என் பேராசிரியர், அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களை இந்தியாவிலிருந்து தயாரிப்பவர்களைப் பேட்டியெடுத்து வா என்று மூன்று வாரத்துக்கு அனுப்பினார். பையில் கேள்வித்தாள். அதன் அடியில் மருத்துவமனையிடம் போராடி வாங்கிய டார்லீனின் முழு பில் விவரம். யாருக்கும் காட்டலாம் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். “போப்பாண்டவருக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்கென்ன.”

முதல் நாள். தொம்மலூரில் தங்கல். காலையில் தெருமுனையில் நின்றபடி சாப்பிடும் ஓட்டலில் இட்லி வடை. எனக்கு முன்னால் நின்ற ஆள் இட்லியைக் கன்னடத்தில் கேட்டார், சட்டையில் சட்னி சிந்திய மகளைத் தமிழில் திட்டினார், போனில் மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். தட்டு கைக்கு வருவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டன. ஒஹாயோவில் நான் ஒரு மொழியை வைத்துக்கொண்டே திணறுகிறேன். திருநெல்வேலிக்காரியான எனக்கு இந்த ஊர்த் தமிழ் காதுக்குப் புதிது. “வந்துகினு”, “சொல்லிகினு” என்று ஓட்டமாக ஓடுகிறது, நடுவில் கன்னடமும் உருதும் ஏறி இறங்குகின்றன.

பொம்மனஹள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். சில்க் போர்டு சந்திப்பில், நாற்புறமும் வண்டி நெருக்கும் இடத்தில், ஆட்டோ இருமி நின்றது.

“மேடம், காஸ் கதம்.”

“கதம்னா?”

“முடிஞ்சிபோச்சி. பங்க்கு பக்கத்துலதான். நீங்க உக்காருங்க, நான் தள்றேன்.”

உட்கார மனசில்லை. இறங்கித் தள்ளினேன். பின்னால் ஹார்ன் அடித்த பஸ்காரரிடம் டிரைவர் ஏதோ உருதுவில் சொல்ல, அவர் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

“அமெரிக்கால இப்டி தள்ளுவீங்களா மேடம்?”

“அங்க வண்டி நின்னா இழுத்துட்டுப் போக இன்னொரு வண்டி வரும். இன்சூரன்ஸ்லயே வரும்.”

“அரே! ஆளு நின்னுட்டா?”

“ஆம்புலன்ஸ் வரும். அதுக்குத் தனியா பில்லும் வரும்.”

டிரைவர் தோளைக் கொடுத்து இன்னொரு தள்ளு தள்ளினார். “அப்ப வண்டியா பொறக்கறது பெஸ்ட்டு” என்றார். மூன்று வருஷம் வகுப்பில் கேட்ட எந்த விரிவுரையும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

ஆனால் ஒரு மணி நேரம் தாமதம். அலுவலகத்தில் எனக்காகக் காத்திருந்த குழுத் தலைவர் மஞ்சுநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். “உங்களுக்கு எடுத்து வெச்ச ரூம் ஹோய்த்து மேடம். போயேபோச்சு. ஃப்ளோர மட்டும் சுத்திக் காட்றேன். பேசறதெல்லாம் நாளைக்கு மத்தியானம் மெஸ்ல தான். அங்கதான் ஜனங்க வாயத் தெறப்பாங்க.” என் முகம் சுருங்கியது. அந்த ஆட்டோவுக்கு காஸ் தீர்ந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது தெரியாது.

தளத்துக்குள் போன், பேனா, காகிதம் எதுவும் கூடாது. நோயாளிகளின் விவரம் ஒரு எழுத்துகூட வெளியே போய்விடக் கூடாதே. இது எனக்கு முன்பே தெரியும் என்பதால், கேட்க வேண்டிய கேள்விகளைச் சுருக்கமாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் புத்தி. வாசல் காவலர் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். “கை காட்டுங்க மேடம்.” காட்டினேன். “எல்லாரும் பண்றதுதான். பாத்ரூம் அந்தாண்ட இருக்கு. சோப்பு போட்டுக் கழுவினு வாங்க.”

உள்ளே வரிசை வரிசையாக இரட்டைத் திரைகள். இடது திரையில் அமெரிக்க மருத்துவரின் குறிப்பு, வலது திரையில் எண்கள். அங்கே மருத்துவர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் எண் உண்டு. குறிப்பைப் படித்து எண்ணாக மாற்றுவது இவர்கள் வேலை. கோடர் என்று பெயர். பேனா கிடையாதாகையால் யோசிக்கும்போது பாதிப் பேர் விரலால் மேசைமேல் எழுதிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

லிஃப்டில் மஞ்சுநாத் சொன்னதைக் கேட்டுத்தான் நான் வாய் பிளந்தேன். மூன்றாவது மாடியில் இருக்கும் இவர்கள் மருத்துவமனைகளுக்காகப் பணம் கேட்டு பில் அனுப்புகிறவர்கள். ஐந்தாவது மாடியில் வேறொரு கம்பெனி. அது காப்பீட்டு நிறுவனங்களுக்காக பில்லைச் சரிபார்த்துக் கொடுக்கிறது, அல்லது மறுக்கிறது. “நாங்க கொடுங்கறோம், அவங்க இல்லேங்கறாங்க. மத்தியானம் எல்லாரும் அதே மெஸ்ஸு, அதே சாம்பார்.”

அமெரிக்க மருத்துவச் செலவில் ஏன் இவ்வளவு பெரிய பங்கு காகித வேலைக்கே போகிறது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். இந்த லிஃப்டில் இரண்டு மாடி ஏறியிருந்தால் போதும்.

இரண்டாம் நாள், மெஸ். அலுவலகத்துக்குப் பின் சந்தில் தகரக் கூரை, எவர்சில்வர் மேசைகள். சாதம், சாம்பார், பல்யா என்று இங்கே சொல்லும் பீன்ஸ் பொரியல், அப்பளம். எதிரில் செல்வி அக்கா. மற்ற கோடர்கள் போட்டதைத் தணிக்கை செய்பவர். பன்னிரண்டு வருஷ அனுபவம். ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறார். ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு புத்தர் ஸ்டிக்கர். என் கேள்வித்தாளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நான் பொறுமையிழந்து அடியிலிருந்த பில்லை எடுத்து நீட்டினேன், கையெழுத்துப் போட்ட அனுமதியோடு.

முதலில் மருத்துவமனையின் பெயரைத்தான் பார்த்தார். “எங்க கிளையன்ட்டு இல்ல. இருந்திருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்.” பிறகு இடது கையால் வாங்கினார். “இன்னா வயசு இந்தம்மாவுக்கு?”

“ஐம்பத்திரண்டு.”

“வேலைக்குப் போறாங்களா?”

“ஸ்கூல் கேன்டீன். இன்சூரன்ஸ் ஸ்கூல்லயே குடுத்தது.”

“அப்ப இன்னாத்துக்கு இவங்கள அறுபத்தஞ்சு வயசுக் கெழவி ஆக்கி வெச்சிருக்கான்?”

எனக்குப் புரியவில்லை. செல்வி அக்கா டம்ளரில் விரலை நனைத்து மேசைமேல் எழுதினார். ஒரு பக்கம் PT. இன்னொரு பக்கம் 33.

“பில்லுல இருக்கறது அறுத்து எடுத்ததுக்கு நம்பர். சரியாத்தான் போட்டிருக்கான். ஆனா பரிசோதனைக்குப் போன எடத்துலதான் அறுத்தாங்கன்னு காட்ட, நம்பர் பக்கத்துல மாடிஃபையர்னு ஒரு ஒட்டு அடையாளம் போடணும். பெரியவங்களுக்கு கவர்மென்ட் குடுக்குது பாரு மெடிகேர், அதுக்கு பி.டி. பிரைவேட்டுக்கு முப்பத்து மூணு. இங்க பி.டி. போட்டு பிரைவேட்டுக்கு அனுப்பிருக்கான். அந்த சிஸ்டத்துக்கு அது இன்னான்னே தெரியல. சிகிச்சைன்னு எடுத்துகிச்சு. அவ்ளோதான் மேட்டரு.”

“அவ்ளோதானா?”

“அப்பளம் ஆறுது, சாப்புடு.”

சாப்பிடவா தோன்றும்? அந்தச் சட்டத்துக்காக அமெரிக்கப் பாராளுமன்றத்தில் எத்தனை சண்டை, எத்தனை வழக்கு! எல்லாவற்றையும் தாண்டி, அந்த வாக்குறுதி டார்லீன் படுத்த மேசைவரை பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. கடைசியில் இரண்டு எழுத்தில் வழுக்கி விழுந்திருக்கிறது. ஒரே தேசம், ஒரே சட்டம், ஒரே பரிசோதனை. பணம் யார் தருகிறார் என்பதைப் பொறுத்து அடையாளம் மட்டும் வேறு.

“யாருக்கா இப்படிப் போட்டிருப்பாங்க?”

“எங்கள மாதிரி எவனோதான். புதுசா சேர்றவங்கள மொதல்ல மெடிகேர் ஃபைல்ல உக்கார வெப்பாங்க. பி.டி., பி.டி.ன்னு போட்டு விரல் பழகிடும். அப்புறம் பிரைவேட் ஃபைல் குடுத்தா, ஆளு வந்துடுவான், விரல் மட்டும் மெடிகேர்லயே கெடக்கும். நானே போட்டிருக்கேன். அன்னிக்கு என் ஆடிட்டர் கிழிச்ச கிழி இன்னும் காதுல கேக்குது.”

பக்கத்து மேசையிலிருந்து ஐந்தாவது மாடிக்காரர் பிரவீன் எட்டிப் பார்த்தார். “அக்கா, நீங்க முப்பத்து மூணு போட்டு அனுப்புங்க, நாங்க ஏன் இல்லேன்னு சொல்லப் போறோம்? போடலன்னா எங்க கையக் கட்டிருக்கு.”

“கட்டிருக்கு, கட்டிருக்கு. சாம்பார் வாளி வந்தா மட்டும் அவுந்துடும்.”

மெஸ் முழுக்கச் சிரித்தது. தேர்தலைப் பற்றிக் கேட்டேன். காப்பீட்டுக்கான அரசு உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வாஷிங்டனில் அடித்துக்கொள்வதைச் சொன்னேன். செல்வி அக்காவுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. “அங்க எலக்‌ஷன்னா இங்க எங்களுக்கு ட்ரெயினிங். ஒரு கட்சி கொண்டாந்தேங்குது, இன்னொரு கட்சி தூக்கிடுவேங்குது. நான் வந்ததுலேந்து பாக்கறேன், ரூலு ஏறிகினேதான் போவுது, ஒன்னும் எறங்கல.”

மூன்றாம் நாள். அந்தப் பருவத்தில் டார்லீன் எழும் நான்கு மணி இங்கே மத்தியானம் ஒன்றரை. மெஸ் நேரம். போனில் எல்லாம் சொன்னேன். மாலையில் அவளிடமிருந்து சுருக்கமாகச் செய்தி வந்தது: ‘ஆஸ்பத்திரி பில் பிரிவுக்குப் போட்டேன். உங்கள் கோடு தப்பு என்றேன். எல்லாம் சரிதான் என்று வைத்துவிட்டாள். விட்டுவிடு, நித்யா.’

விட்டுவிடுவதா? மறுநாள் செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “தப்புன்னு சொல்லிட்டாங்களா? போச்சு. தப்புன்னா உடனே ஃபைல மூடிடுவாங்க. போன எடுக்கறவங்களுக்கு அதத் தெறக்க பவர் இல்ல. ரிவ்யூன்னு கேட்டாதான் அது ஒரு கோடர் கைக்குப் போவும். போன குடு, நானே பேசறேன்.”

அந்த உரையாடலைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பின் ஒரு பக்கம் ஒஹாயோ சமையலறையில் இரவு உடையோடு டார்லீன், காபி கோப்பை. இந்தப் பக்கம் சாம்பார் வாளி இடிக்கும் சத்தத்துக்கு நடுவில், அலுவலக ஆங்கிலத்தில் செல்வி அக்கா.

“நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தப்பு என்ற வார்த்தையே வேண்டாம். இது தடுப்புப் பரிசோதனை, என்னுடையது தனியார் காப்பீடு, மெடிகேர் இல்லை, மாடிஃபையரை மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். இவ்வளவுதான். கோரிக்கை எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.”

“நீ ஆஸ்பத்திரிக்கு வேலை செய்கிறாயா, எனக்கா?” டார்லீன் சந்தேகப் பிராணி.

“இப்போது என் சாப்பாட்டு இடைவேளை. இது என் சொந்த நேரம்.”

டார்லீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, “என்ன சாப்பாடு?” என்று கேட்டாள். கேன்டீன்காரி அல்லவா. செல்வி அக்கா போனைத் தட்டுக்கு நேரே பிடித்தார். பீன்ஸ் பல்யாவில் என்ன போடுவீர்கள் என்று பேச்சு ஐந்து நிமிஷம் ஓடியது. சீர்திருத்தச் சட்டத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை டார்லீனே கூப்பிட்டாள். “கோரிக்கை எண் வாங்கிவிட்டேன்! மறுபரிசீலனை என்றதும் அந்தப் பெண் குரலே மாறிப்போனது. இன்னொன்று கேள். அவள் பேசுவது அப்படியே உன் செல்வி மாதிரியே இருந்தது.” மறுநாள் இதைச் சொன்னதும் செல்வி அக்கா மேசையைத் தட்டினார். “நம்ம ஆளுதான்! ஓசூர் ரோடுல எங்கயாவது உக்காந்துகினு இருப்பா.”

அதற்கப்புறம் காத்திருப்பு. மற்றவர்களைப் பேட்டி கண்டேன், நோட்டை நிரப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் செல்வி அக்கா வீட்டில் கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடிப்பதற்குள் தெருவிலிருந்து மூன்று பேர் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார்கள். அந்தத் தெருவுக்கே அவர்தான் ரிப்போர்ட் படித்துச் சொல்பவர். சளைக்காமல் விளக்கிவிட்டு, “டாக்டர்கிட்ட இந்தக் கேள்விய மட்டும் மறக்காம கேளு” என்று ஒவ்வொருவரையும் அனுப்பினார். அவருடைய கணவருக்கு இங்கே குடலிறக்க ஆபரேஷன் நடந்த கதையைக் கேட்டேன்.

“இங்க கோடும் இல்ல, அப்பீலும் இல்ல. மொதல்ல அட்வான்ஸ் எவ்ளோன்னு சொன்னாங்க. அங்க இங்க பெரட்டிக் கட்டினோம், படுக்க வெச்சாங்க. கட்ட முடியலன்னா அங்கயே கதை முடிஞ்சிது.”

“எது பரவாயில்லக்கா? அங்கயா, இங்கயா?”

“ரெண்டும் வாணாம். நீதான் படிக்கறியே, மூணாவதா ஒன்னு கண்டுபுடி.”

நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டவள் நான்.

மூன்றாவது வாரம், புறப்படுவதற்கு முந்தைய நாள். மெஸ்ஸில் ரசம் ஊற்றும் நேரத்தில் போன் துடித்தது. டார்லீனின் ஃபிரிட்ஜ் கதவின் படம். பழைய மறுப்புக் கடிதம் போய், அதே காந்தத்தில் புதுக் கடிதம் தொங்கியது. கீழே கொட்டை எழுத்தில்: நீங்கள் செலுத்த வேண்டியது, பூஜ்யம்.

நான் போட்ட கூச்சலில் மெஸ் அண்ணா கரண்டியை நழுவவிட்டார். பிரவீன் ஓடி வந்து எட்டிப் பார்த்து, “அக்கா, பாத்தீங்களா, எங்காளுங்க பாஸ் பண்ணிட்டாங்க!” என்றார். “முப்பத்து மூணு போட்டது எங்காளு” என்றார் செல்வி அக்கா. ஐந்தாவது மாடியும் மூன்றாவது மாடியும் அன்று ஒன்றையொன்று மறுக்கவில்லை. இருவரும் எனக்கு ஆளுக்கொரு அப்பளம் வைத்தார்கள்.

ஆனால் செல்வி அக்காவின் முகத்தில் இன்னும் பாக்கி இருந்தது. “பில்லு போச்சு, சரி. மறுபடி காட்டப் போறாங்களா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல.”

கூப்பிட்டேன். டார்லீன் காபியோடு வந்தாள்.

“அவளிடம் போனைக் கொடு” என்றாள். கொடுத்தேன். “செல்வி, அடுத்ததும் இலவசமா?”

செல்வி அக்கா பொய் சொல்லவில்லை. “அப்படிச் சொல்ல முடியாது. கண்டுபிடித்த பிறகு பார்ப்பது வேறு கணக்கில் வரும். உங்கள் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.”

“கேட்டுவிட்டேன். நீ சொன்ன மாதிரியே, கோரிக்கை எண்ணோடு. தொகையைச் சொன்னார்கள். தாங்கக்கூடியதுதான்.” டார்லீன் காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். “தெரிந்து கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை ஏழு மணி. போகிறேன்.” பிறகு என்னைத் தேடினாள். “நித்யா, அதற்காக அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவேன் என்று கனவு காணாதே.”

“ஓட்டு வாணாம்னு சொல்லு” என்றார் செல்வி அக்கா என் காதில், “டெஸ்ட்டுக்குப் போனாப் போதும்.”

மேசையில் கிடந்த என் பேனாவை எடுத்து அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: பதினாலு, ஏழு மணி. அன்று மத்தியானம் ஒன்றரைக்கு, டார்லீன் எழும் நேரத்துக்கே, கூப்பிட்டுக் கிளப்பிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்தம்மா டபாய்த்துவிடும் என்றார்.

அலுவலக வாசல்வரை அவர்கூடவே போனேன். கேள்வித்தாள் நிரம்பியிருந்தது. டார்லீன் போகிறாள். பெங்களூரின் அத்தனை ஹார்ன் சத்தமும் எனக்காகவே அடிப்பதுபோல் இருந்தது. வாசல் காவலர் வழக்கம்போல எழுந்தார். “கை காட்டுங்க மேடம்.” செல்வி அக்கா கையை மூடவில்லை, நேராக நீட்டினார். காவலர் குனிந்து படித்தார்.

“இன்னா மேடம், பேஷன்ட் டேட்டாவா?”

“இல்லண்ணா. நம்ம ஃப்ரெண்டு ஒருத்தவங்களுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டு.”

காவலர் பாத்ரூம் பக்கம் கைகாட்டவில்லை.

“மறந்துடாதீங்க” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.